எங்கள் சங்கம் நோக்கத்தைத் திருத்தி எழுதுகிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் ஒரு மாடியறையில் எங்கள் சங்கம் நடக்கிறது. வியாசர்பாடி, காசிமேடு, கொடுங்கையூர், திருவொற்றியூர், எண்ணூர் பக்கமிருந்து எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்களும் அவர்கள் வீட்டாரும் வருகிறார்கள். சில மாதங்களாகச் சங்கத்தின் நோக்கத்தையும், நாம் விடாமல் கடைப்பிடிக்க வேண்டியவற்றையும் புதிதாக எழுதிக்கொண்டிருக்கிறோம். அதைப் பற்றி அறையிலும், எச்.ஐ.வி. மாத்திரை தரும் ஏ.ஆர்.டி. மையத்து வரிசையிலும், போனிலும் ஒரே மாதிரிச் சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை இங்கே வைத்திருக்கிறேன். யார் கேட்டது என்று தெரிந்துவிடக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டேன். நானும் தொற்றுள்ளவள்தான். 2009லிருந்து மாத்திரை சாப்பிடுகிறேன்.

இவ்ளோ நாள் நல்லாத்தானே போயிட்டிருக்கு? இப்ப எதுக்கு நோக்கத்தை மாத்துறீங்க?

சங்கம் தொடங்கிய காலத்தில் எச்.ஐ.வி.யை அடக்கும் கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கவில்லை. 2004 ஏப்ரல் 1 அன்றுதான் அரசு அதைத் தர ஆரம்பித்தது. முதலில் தொடங்கிய மருத்துவமனைகளில் தாம்பரம் சானடோரியமும் ஒன்று. அதற்கு முன்னால் எங்கள் மூத்த உறுப்பினர்களின் வேலை என்ன தெரியுமா? எழுந்து நிற்க முடியாத ஒருவரைப் பீச் ஸ்டேஷனில் ரயிலேற்றி, சானடோரியம் ஸ்டேஷனில் கைத்தாங்கலாக இறக்கி, வார்டில் சேர்ப்பது. சில வாரம் கழித்து அவர் உடலை வாங்கிக்கொண்டு வருவது. சொந்தக்காரர்கள் தொட மாட்டேன் என்று சொன்ன உடலைக் குளிப்பாட்டி, மூலக்கொத்தளம் சுடுகாடு வரை கூடவே போனவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள்.

பழைய பதிவுப் பத்திரத்தில் நோக்கம் இப்படி இருக்கிறது: “எய்ட்ஸ் நோயால் பாதிக்கப்பட்டோருக்குப் பராமரிப்பும் மறுவாழ்வும் அளித்தல்.” அன்றைக்கு அது பொருத்தமான வார்த்தைதான். இன்றைக்கு அதே அறைக்குப் பேத்தியின் காதுகுத்துப் பத்திரிகையோடு வருகிறார்கள். முட்டி வலிக்கிறது என்கிறார்கள். வேலையில் மெடிக்கல் டெஸ்ட் கேட்கிறார்களே, என்ன செய்ய என்கிறார்கள். இதற்கெல்லாம் அந்தப் பழைய வரியில் இடமில்லை.

எச்.ஐ.வி.யும் எய்ட்ஸும் ஒண்ணுதானே? பேர்ல என்ன இருக்கு?

ஒன்றில்லை. எச்.ஐ.வி. என்பது கிருமி. அது உடம்பின் எதிர்ப்புச் சக்தியை வருடக்கணக்கில் அரித்து, காசநோய் போன்றவை வந்து தாக்கும் நிலைக்குக் கொண்டுபோனால் அந்த நிலைக்குத்தான் எய்ட்ஸ் என்று பெயர். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறவர் அந்த நிலைக்கே போகாமல் முழு ஆயுளும் வாழலாம்.

அதனால்தான் புதிய வரியில் “எய்ட்ஸ் நோயால் பாதிக்கப்பட்டோர்” என்பதை எடுத்தோம். இது நாங்களாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. 1983ல் அமெரிக்காவின் டென்வர் நகரில் கூடிய நோயாளிகளே, எங்களைப் ‘பலியானவர்கள்’ என்று அழைக்காதீர்கள் என்று எழுதி வைத்தார்கள். 1994ல் பாரிஸில் 42 நாடுகள், தொற்றுள்ளவர்களை முடிவெடுக்கும் இடத்தில் சேர்த்துக்கொள்வோம் என்று கையெழுத்திட்டன. வடசென்னையில் ஒரு மாடியறைக்கு அது வந்து சேர இத்தனை வருடம் ஆகிவிட்டது.

மாத்திரை சங்கத்துலயே கொடுப்பீங்களா? காசு எவ்ளோ?

நாங்கள் கொடுப்பதில்லை. அரசு ஏ.ஆர்.டி. மையங்களில் இலவசம். நம் பக்கத்துக்கு ஸ்டான்லி மருத்துவமனை இருக்கிறது. முதலில் அரசு மருத்துவமனையில் உள்ள நம்பிக்கை மையத்தில் பரிசோதனை. மூன்று வேறு வேறு முறையில் சோதித்து, மூன்றும் பாசிட்டிவ் என்றால்தான் உறுதி செய்வார்கள். முன்பெல்லாம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் சிடி4 எண்ணிக்கை இறங்கும்வரை காத்திருக்க வைப்பார்கள். 2017லிருந்து தொற்று உறுதியானால் எண்ணிக்கை எதுவாக இருந்தாலும் மருந்து உண்டு. தனியாகப் போகத் தயங்கினால் சொல்லுங்கள், எங்களில் ஒருவர் கூட வருவார். 1097 என்ற இலவச எண்ணிலும் கேட்கலாம்.

நான் மீன் வெட்டுற வேலை செய்றேன்க்கா. கை அறுந்து ரத்தம் மீன்ல பட்டா வாங்குறவங்களுக்கு வந்துருமா?

வராது. காசிமேட்டிலிருந்து இந்தக் கேள்வி மட்டும் எத்தனை முறை வந்தது என்று எண்ணவில்லை. உடம்பை விட்டு வெளியே வந்த கிருமியால் அப்படி ஒருவரிடம் தொற்ற முடியாது. மீனைக் கழுவுகிறார்கள், கொதிக்கவிடுகிறார்கள், அதற்கப்புறம் என்ன இருக்கும்? தொற்று பரவுவது பாதுகாப்பில்லாத பாலுறவு, ஊசியைப் பகிர்வது, தொற்றுள்ள ரத்தம் ஏற்றுவது, தாயிடமிருந்து குழந்தைக்கு, இந்த வழிகளில்தான். கை அறுந்தால் கழுவி, துணி கட்டிக்கொண்டு வேலையைப் பாருங்கள். யாரிடமும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. வியாபாரத்தை விடவும் வேண்டாம்.

‘கண்டுபிடிக்க முடியாத அளவு’ன்னு ரிப்போர்ட் வந்துச்சு. அப்ப எனக்குக் குணமாயிடுச்சா?

குணமாகவில்லை, ஆனால் அது பெரிய செய்தி. கிருமி உடம்பில் ஒளிந்துகொண்டிருக்கிறது. மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களில் மறுபடி பெருகும். ஆனால் ரத்தத்தில் கிருமியின் அளவு கண்டுபிடிக்க முடியாதபடி குறைந்து, அப்படியே நீடித்தால், பாலுறவு வழியாக உங்களிடமிருந்து துணைக்குப் பரவாது.

இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. 9 நாடுகளில், ஒருவருக்குத் தொற்றிருந்து மற்றவருக்கு இல்லாத 1,763 ஜோடிகளை வைத்து நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2011ல் வந்தது. அதில் சென்னை ஜோடிகளும் உண்டு. சீக்கிரமே மருந்து தொடங்கியவர்களிடமிருந்து துணைக்குப் பரவுவது 96 சதவீதம் குறைந்திருந்தது. அதற்குப் பிறகு ஐரோப்பாவில் நடந்த ஆய்வுகளில், கிருமி அடங்கியவரிடமிருந்து துணைக்கு ஒரு தொற்றுகூடப் பரவவில்லை. ஒன்று மட்டும் கவனம்: ‘பரவாது’ என்ற உறுதி பாலுறவுக்குத்தான். ஊசிக்கும் தாய்ப்பாலுக்கும் இதை அப்படியே பொருத்தாதீர்கள். பிள்ளை பெறப்போகிறவர்கள் மையத்தில் கேட்டு அதன்படி நடக்க வேண்டும்.

சரி, புது நோக்கம் என்னன்னு ஒரே வரியில சொல்லுங்க.

“வடசென்னையில் எச்.ஐ.வி. தொற்றுள்ள ஒவ்வொருவரும் மருந்தை விடாமல், எவருக்கும் அஞ்சாமல், முதுமை வரை வாழ ஒருவருக்கொருவர் துணை நிற்பது.”

இந்த வரிக்கு ஏழு கூட்டம் ஆனது. “துணை நிற்பது” என்ற இடத்தில் முதலில் “உதவி செய்வது” என்று இருந்தது. யார் யாருக்கு உதவி, நாமே நமக்கா, என்று ஒரு அண்ணன் கேட்டார். மாற்றினோம்.

விழுமியம் விழுமியம்னு பேசுறீங்க. எங்களுக்குப் புரியிற மாதிரி சொல்லக்கூடாதா?

நியாயம்தான். அந்த வார்த்தை கூட்டத்தில் யாருக்குமே ஒட்டவில்லை. “எது நடந்தாலும் நாம செய்ய மாட்டோம், எது நடந்தாலும் நாம விட மாட்டோம், அதைச் சொல்லுங்க” என்று கேட்ட பிறகுதான் வாய் திறந்தார்கள். கடைசியில் நான்கு நின்றன. எப்படி வந்தது என்று யாரையும் கேட்க மாட்டோம். ஒருவர் ரகசியம் அவருடையது, அதை அவர் மட்டுமே திறக்கலாம். மருந்தை விடச் சொல்ல மாட்டோம், விட்டவரைத் திட்டவும் மாட்டோம். நம்மைப் பற்றிய முடிவை நாம் இல்லாமல் எடுக்க விட மாட்டோம்.

மூன்றாவதைப் பற்றி ஒரு வார்த்தை. லேகியத்தில் முழுசாகக் குணமாகிவிடும் என்று பணம் பிடுங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நம்பிப் போய் மாத்திரையை நிறுத்தியவர்கள் வெட்கத்தில் மையத்துக்கும் திரும்பாமல், நம்மிடமும் வராமல் போய்விடுகிறார்கள். திட்டினால் அவர்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அதனால்தான் அந்த இரண்டாவது பாதி.

எப்படி வந்துச்சுன்னு ஏன் கேக்கக்கூடாது? புருஷனால வந்தவங்களும் மத்தவங்களும் ஒண்ணா?

அதிகம் சண்டை நடந்தது இதில்தான். நம் பெண்களில் பாதிக்கு மேல் கணவனை இழந்தவர்கள். ஒரு தப்பும் செய்யாமல் வாழ்க்கை போனவர்கள். அவர்களுடைய கோபம் எனக்குத் தெரியும், ஏனென்றால் அது என் கோபமும்தான். என் கணவர் இறந்த வருடம், வீட்டுக்கு வந்த ஒவ்வொருவரிடமும் “இவரால்தான், என்னால் இல்லை” என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அதைச் சொன்னால்தான் எனக்குத் தண்ணீர் கொடுப்பார்கள் போலிருந்தது.

அந்த வார்த்தைக்கு இன்னொரு முனை இருக்கிறது. “பாவம், இவளுக்குப் புருஷனால்” என்று இரக்கப்படும்போதே, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் திருநங்கைக்கோ, பாலியல் தொழில் செய்த அக்காவுக்கோ, ஊசி போட்டுப் பழகிய தம்பிக்கோ “உனக்கு வேண்டும்” என்று சொன்னதாகிவிடுகிறது. அவர்கள் அடுத்த வாரம் வருவதில்லை. மருந்தையும் விடுகிறார்கள்.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். இந்தியாவில் இந்தத் தொற்று முதன்முதலில் கண்டறியப்பட்டது நம் சென்னையில்தான். 1986ல் சென்னை மருத்துவக் கல்லூரி மாணவி டாக்டர் செல்லப்பன் நிர்மலா, டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில், பாலியல் தொழில் செய்த பெண்களிடம் ரத்த மாதிரி சேகரித்தார். மாதிரிகள் வேலூர் சி.எம்.சி.யில் சோதிக்கப்பட்டன. அந்தப் பெண்களிடம் எடுத்த ரத்தத்தால்தான் நாடே விழித்துக்கொண்டது. ஆனால் அவர்கள் மேல்தான் பழி விழுந்தது. நம் அறையிலாவது அந்தப் பழி வேண்டாம்.

போர்டுல பேரை மாத்தப் போறீங்களாமே? அப்ப நீங்களே ஒளியுறீங்களா?

போர்டில் எய்ட்ஸின் அடையாளமான சிவப்பு ரிப்பன் படம் இருந்தது. அதனால் பலர் ஒரு ஸ்டாப் தள்ளி இறங்கி, சந்து வழியாகச் சுற்றி வந்து, படியில் ஏறும் முன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு ஏறுவார்கள். ஒருவர் கீழே உள்ள தையல் கடையில் பழைய சட்டையைக் கொடுத்துவிட்டு, அது தைத்து முடிகிற நேரத்தில் மேலே வந்து போவார். அவரிடம் கிழியாத சட்டையே இல்லை என்று டெய்லர் நினைத்திருப்பார்.

ரிப்பனை எடுத்துவிடுவது என்று முடிவு. பதிவுப் பெயர் மாறவில்லை. இது ஒளிவதாகும் என்று இளைஞர்கள் எதிர்த்தார்கள். அவர்கள் மனதில் உள்ள துணிச்சலை நான் மதிக்கிறேன். ஆனால் முகம் காட்டத் துணிந்தவர் தன் முகத்தைக் காட்டட்டும். படியேறும் எல்லார் சார்பிலும் போர்டு அதைச் செய்யக்கூடாது. இரண்டாவது விழுமியம் போர்டுக்கும் பொருந்தும்.

காசு கொடுக்கிறவங்க சொல்லித்தானே இதெல்லாம்?

இல்லை. நேர்மாறாக, திட்டப் பணம் வந்தபோது நாங்கள் டார்கெட்டுக்குப் பின்னால் ஓடினோம். மாதம் இத்தனை பேரைப் பார்க்க வேண்டும், இத்தனை பேருக்குப் பரிசோதனை செய்ய வைக்க வேண்டும் என்று படிவம் நிரப்பினோம். ஏற்கெனவே வந்துகொண்டிருக்கும் ஒருவரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினால் அதற்குக் கட்டமே கிடையாது. பணம் இனிமேலும் வாங்குவோம். ஆனால் நோக்கத்துக்குள் அடங்காத வேலைக்கு வாங்குவதில்லை என்று எழுதியிருக்கிறோம்.

எனக்குத் தொற்று இல்ல, என் வீட்டுக்காரருக்கு இருக்கு. நான் உறுப்பினர் ஆகலாமா?

ஆகலாம். வீட்டாருக்கும் ஓட்டு உண்டு. செயற்குழுவில் மட்டும் பெரும்பான்மை தொற்றுள்ளவர்களாக இருக்க வேண்டும். நான்காவது விழுமியம் அதுதான்.

வயசாயிடுச்சு, சுகர் வந்துருச்சு. சங்கம் அதுக்கு என்ன பண்ணும்?

இந்தக் கேள்விதான் எங்களை உட்கார்ந்து எழுத வைத்தது என்று சொல்லலாம். இப்போது தரும் டி.எல்.டி. என்ற ஒரே மாத்திரையில் டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் இருக்கின்றன. முன்பு தந்த ஸ்டாவுடின் மாதிரி கன்னத்தை ஒட்ட வைக்காது. அந்தக் காலத்தில் ஒட்டிய கன்னத்தைப் பார்த்தே தெருவில் ஆளை அடையாளம் சொல்வார்கள். ஆனால் டோலுடெக்ராவிர் சுகருக்குத் தரும் மெட்ஃபார்மினின் அளவை ரத்தத்தில் கூட்டும். வயிற்றெரிச்சலுக்குச் சாப்பிடும் ஜெலுசில் போன்றவற்றை மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிட்டால் மருந்து சரியாகச் சேராது, டி.எல்.டி.யைச் சாப்பிட்டு 2 மணி நேரம் விட வேண்டும், ஜெலுசிலை முதலில் குடித்திருந்தால் 6 மணி நேரம். டெனோஃபோவிர் சிலருக்குச் சிறுநீரகத்தையும் எலும்பையும் பாதிக்கும். அதற்குப் பரிசோதனை வேண்டும்.

இப்போது ஒரு அம்மாவைச் சொல்கிறேன். மாத்திரை டப்பாவின் லேபிளைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்துவிடுவார். மாத்திரைகளைக் கால்சியம் டப்பாவில் கொட்டி, குலுங்கும் சத்தம் மருமகளுக்குக் கேட்காமலிருக்க மேலே பஞ்சு அடைப்பார். சுகர் டாக்டரிடம் வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் “கால்சியம் மட்டும்” என்பார். ரகசியம் இத்தனை வருடம் அவரைக் காப்பாற்றியது. இப்போது அதே ரகசியம் அவர் உடம்புக்கு ஆபத்தாகிவிட்டது. அவர் சம்மதித்தால், ஏ.ஆர்.டி. மையத்து டாக்டரிடம் சுகர் மாத்திரைச் சீட்டையாவது காட்டச் சொல்லி நாங்கள் கூடப் போகிறோம். அங்கே மறைக்க ஒன்றுமில்லையே. முதியவர்களுக்கென்று இந்த ஒரு வேலையை முதலில் எடுத்திருக்கிறோம்.

நான் பொறந்ததுல இருந்தே பாசிட்டிவ். இந்த அம்மாங்க கூட்டத்துல எனக்கு என்ன இருக்கு?

இதுவரை ஒன்றுமில்லாமல்தான் இருந்தது, தம்பி. உங்களை “குழந்தைகள்” என்ற பதிவேட்டில் வைத்துக்கொண்டே இருந்தோம். உங்களில் சிலருக்கு இப்போது 25 வயது. எட்டாம் வகுப்பு வரை “சத்து மாத்திரை” என்று சொல்லி ஏமாற்றப்பட்டவர்களின் கோபத்தை நாங்கள் காது கொடுத்துக் கேட்கவில்லை. செயற்குழுவில் இரண்டு இடம் உங்களுக்கு. கூட்டத்தை நீங்களே நடத்துங்கள், எங்களை அழைக்க வேண்டும் என்றுகூட இல்லை.

பொண்ணு வீட்டுக்காரங்க வந்து “இந்தப் பையன் உங்க மெம்பரா”ன்னு கேட்டா உண்மையைச் சொல்வீங்களா, மாட்டீங்களா?

ஆமாம் என்றும் சொல்ல மாட்டோம், இல்லை என்றும் சொல்ல மாட்டோம். யாரைப் பற்றிக் கேட்டாலும் இதே பதில்தான். தொற்று இல்லாதவருக்கு மட்டும் “இல்லை” என்றால், பேசாமல் இருந்தாலே மற்றவரைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும்.

அந்தப் பெண்ணின் வாழ்க்கை என்னாவது என்று கேட்பீர்கள். எனக்கே அந்தப் பெண்ணின் நிலை நேர்ந்தது, அதனால் இதைச் சாதாரணமாகச் சொல்லவில்லை. 2017ல் வந்து 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் எச்.ஐ.வி. சட்டம் இரண்டு பக்கமும் பார்க்கிறது. தனக்குத் தொற்றிருப்பது தெரிந்தவர் மற்றவருக்குப் பரவாமல் பார்த்துக்கொள்வது அவர் கடமை. துணைக்கு ஆபத்து என்று நம்பக் காரணம் இருந்து, சொல்லச் சொல்லியும் அவர் சொல்லாவிட்டால், சொல்லப்போகிறேன் என்று அவருக்குத் தெரிவித்துவிட்டு டாக்டரோ, கவுன்சலிங் தரும் ஆற்றுநரோ துணையிடம் சொல்லலாம். சங்கத்துக்கு அந்த அதிகாரம் இல்லை. நாங்கள் செய்யக்கூடியது, அந்தப் பையனை உட்காரவைத்துப் பேசுவது. “கல்யாணத்துக்கு முன்னால் நீயே சொல், நான் கூட வருகிறேன்” என்று. பலர் சொல்லியிருக்கிறார்கள். சொன்ன பிறகும் நடந்த கல்யாணங்கள் உண்டு.

நம்ம ஆளே வெளியில சொல்லிட்டா?

நடந்திருக்கிறது. எங்கள் அறையிலேயே வருகைப் பதிவேடு மேஜையில் திறந்து கிடந்தது. தண்ணீர் கேன் போட வந்த பையன் தன் தெருக்காரப் பெண்ணின் பெயரைப் படித்துவிட்டான். ஒரு வாரத்தில் தெரு முழுக்கத் தெரிந்தது. அந்தப் பெண் வீட்டைக் காலி செய்துகொண்டு மீஞ்சூர் பக்கம் போனார். திரும்ப வரவே இல்லை. தவறு எங்களுடையது, மன்னிப்பும் கேட்டோம், அது போதவில்லை.

இப்போது வருகைப் பதிவேட்டில் பெயர் கிடையாது, எண்தான். பெயரும் எண்ணும் சேர்ந்த ஏடு பூட்டிய பீரோவில், இரண்டு பேரிடம் சாவி. தகவலை வைத்திருக்கிறவர் அதைப் பாதுகாத்தாக வேண்டும் என்று மேலே சொன்ன சட்டமும் சொல்கிறது. வீட்டுக்கு வர வேண்டுமென்றால் எப்படி வர வேண்டும் என்பதை உறுப்பினரே சொல்வார். 2020 ஊரடங்கில் கற்றுக்கொண்டது இது. அப்போது மாத்திரையைக் காய்கறிப் பையில், கத்தரிக்காய்க்கு அடியில் வைத்து வீடு வீடாகக் கொடுத்தோம். ரகசியத்தை மீறும் ஊழியரோ உறுப்பினரோ விசாரணைக்குப் பின் பொறுப்பிலிருந்து விலக வேண்டும். நான் மீறினாலும் அப்படித்தான்.

இதெல்லாம் எப்ப நடைமுறைக்கு வரும்? எனக்கு அந்த ‘எப்படி வந்ததுன்னு கேட்காதே’ங்கிறதுல உடன்பாடே இல்ல. கூட்டத்துக்கு வரலாமா, வேணாமா?

வாருங்கள். நோக்கத்தை மாற்றுவதென்றால் சிறப்புத் தீர்மானம் வேண்டும்; 21 நாள் முன்னறிவிப்பு கொடுத்து, வந்து ஓட்டுப் போடுகிறவர்களில் நான்கில் மூன்று பங்கு சம்மதித்தால்தான் நிறைவேறும். அப்புறம் சங்கப் பதிவாளரிடம் பதிய வேண்டும். உங்கள் மறுப்பு சபையில் பேசப்பட்டாக வேண்டும். பேசத் தயக்கமாக இருந்தால் எழுதிக் கொடுங்கள், பெயர் இல்லாமல் வாசிக்கிறேன்.

கை தூக்கும் ஓட்டு இல்லை, சீட்டுதான். மடித்துப் பெட்டியில் போட்டுவிடலாம். மாடி ஏற முடியாதவர்கள் கீழே டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு ஒரு போன் அடியுங்கள். பெட்டியைத் துணிப்பையில் வைத்து நானே இறங்கி வருகிறேன்.